பக்கத்தைத் திறந்தாலே பதிவாகிவிடுகிறது: படிவம் வந்த பிறகு மட்டும் நிரல் ஓடுவதற்கு

மலேசியாவின் கெடா மாநிலத் தென்கோடியில், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே உள்ள ஒரு சிறுபட்டணத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். ஊர்க் கோயில் மண்டபத்தில் நடக்கும் இலவச எஸ்பிஎம் (இடைநிலைப் பள்ளி இறுதித் தேர்வு) வகுப்புக்குப் பிள்ளைகளின் பெயரைச் சேர்க்க, சர்வரில் ஓடும் நிரல்மொழியான பிஎச்பியில் ஒரே கோப்பாகப் பதிவுப் பக்கம் ஒன்றை எழுதியிருக்கிறார். யாராவது பக்கத்தைத் திறந்தாலே தரவுத்தளத்தில் ஒரு வெற்று வரிசை விழுகிறது. பதிந்து முடித்தவர் பக்கத்தைப் புதுப்பித்தால் அதே பிள்ளையின் பெயர் இரண்டாம் முறையும் ஏறுகிறது. பொத்தானை அழுத்தினால் நடக்கவேண்டியதைக் குறிக்கும் ஆன்கிளிக் பண்பில் பிஎச்பி ஃபங்ஷனின் பெயரை எழுதிப் பார்த்தும் பயனில்லை. "பொத்தானை அழுத்திய பிறகு மட்டும் பிஎச்பி ஓடவேண்டும், அதற்கு என்ன வழி?" என்பது அவருடைய வாசகம். அந்த வாசகத்துக்குள் இரண்டு கேள்விகள் இருப்பதாக நான் படிக்கிறேன். வந்திருப்பவர் வெற்றுப் படிவம் கேட்டு வந்தாரா, நிரப்பிய படிவத்தைக் கொடுக்க வந்தாரா என்பதை நிரல் எப்படி அறியும் என்பது முதலாவது. கொடுக்கப்பட்ட ஒரு படிவம் ஒரே ஒரு முறை மட்டும் கணக்கில் ஏறுவதற்கு என்ன செய்வது என்பது இரண்டாவது. முதலாவதற்கு விடை எளிது, உறுதியானது. இரண்டாவதற்குப் பலர் பாதி விடையோடு நின்றுவிடுகிறார்கள். வெற்று வரிசையைவிட அதிகத் துன்பம் தருவது அந்த மீதிப் பாதிதான்.

நான் சுங்கை சிப்புட்டில் இருந்துகொண்டு தோட்ட அலுவலகங்களுக்கும் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கும் செக்ரோல் என்னும் வருகைப் பதிவேடு, சம்பளம், முன்பணம் ஆகியவற்றுக்கான நிரல்களை இருபது ஆண்டுகளுக்கு மேலாக எழுதி வருகிறேன். நான் படித்ததும் கணினித் துறைதான். ஆனாலும் இந்தப் பொருளில் எனக்குத் தெரிந்தவற்றுள் பெரும்பகுதி, சம்பள நாளில் அலுவலகச் சன்னலுக்கு முன்னால் நின்று கற்றது.

அந்தச் சன்னலை மனத்தில் வைத்துக்கொண்டால் இந்தச் சிக்கலில் பாதி அவிழ்ந்துவிடும். தோட்ட ஆபிஸ் சன்னலுக்கு வருபவர்கள் இரண்டு வேலையாக வருவார்கள். ஒருவர், "கிராணியாரே, விடுப்புப் பாரம் ஒன்று கொடுங்கள்" என்பார். இன்னொருவர் எழுதிக் கையொப்பமிட்ட பாரத்தை உள்ளே நீட்டுவார். வெற்றுப் பாரம் கேட்டவருக்குக் கிராணி ஒரு தாளை எடுத்துக் கொடுப்பாரே தவிர, பதிவேட்டைத் திறக்கமாட்டார். உங்கள் நிரலோ சன்னல் பக்கம் தலை தெரிந்தவுடனே பதிவேட்டைத் திறந்து, பெயர் இருக்கவேண்டிய இடத்தை வெறுமையாக விட்டு, ஒரு வரி எழுதிவிடுகிறது. அது பிழையான நிரல் என்பதைவிட, கேட்கவேண்டிய ஒரு கேள்வியைக் கேட்காத நிரல் என்று சொல்வதே பொருந்தும்.

சர்வரில் ஓடும் நிரல் யாருக்காகவும் காத்திருப்பதில்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்லவேண்டும். கைப்பேசிச் செயலியோ கணினியில் திறந்து வைத்திருக்கும் மென்பொருளோ, பொத்தான் அழுத்தப்படும்வரை விழித்துக்கொண்டு இருக்கும். அந்தப் பழக்கத்தோடு வருபவர்கள் பிஎச்பியும் அப்படியே பக்கத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பதாக எண்ணுகிறார்கள். உண்மையில் உலாவியிலிருந்து ஒரு கோரிக்கை வருகிறது; உங்கள் கோப்பு முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை ஓடி, எச்டிஎம்எல் உரை ஒன்றை உண்டாக்கி அனுப்பிவிட்டு, முற்றாக முடிந்துபோகிறது. அதிலிருந்த மாறிகள் அனைத்தும் அழிந்துவிடுகின்றன. பயனர் தம் திரையில் பொத்தானைப் பார்க்கும் வேளையில் அந்த ஓட்டம் நடந்து முடிந்த கதை. அவர் பொத்தானை அழுத்தும்போது புதிய கோரிக்கை ஒன்று புறப்பட்டு, அதே கோப்பு மறுபடியும் முதல் வரியிலிருந்து ஓடுகிறது. ஆகவே "பொத்தானை அழுத்திய பிறகு மட்டும் ஓடு" என்று பிஎச்பிக்குக் கட்டளையிட வழியில்லை. அது இரண்டு முறையும் ஓடத்தான் செய்யும். ஓடும் ஒவ்வொரு முறையும் எந்த வேலையாக ஓடுகிறோம் என்பதைத் தானே விசாரித்துக்கொள்ளும்படி நாம் எழுதவேண்டும்.

ஆன்கிளிக் முயற்சி பலிக்காததன் காரணமும் இதுவே. ஆன்கிளிக்கில் இருப்பதை இயக்குவது உலாவி. அதற்கு ஜாவாஸ்கிரிப்ட் தெரியும், பிஎச்பி தெரியாது. உலாவியில் உங்கள் பக்கத்தின் மூலத்தைத் திறந்து பாருங்கள். நீங்கள் எழுதிய பிஎச்பி வரிகளில் ஒன்றுகூட அங்கே இருக்காது. அவை விட்டுச்சென்ற எச்டிஎம்எல் மட்டுமே இருக்கும்.

இனி அந்த விசாரணையை எப்படி நடத்துவது என்று பார்ப்போம். எச்டிடிபி என்னும் இணைய நெறிமுறையில் ஒவ்வொரு கோரிக்கையும் தன் முதல் சொல்லிலேயே தான் வந்த வேலையைச் சொல்லிவிடுகிறது. முகவரியைத் தட்டச்சு செய்தாலும் இணைப்பைத் தொட்டாலும் அந்தச் சொல் கெட். படிவத்தின் மெத்தட் பண்பில் போஸ்ட் என்று குறிப்பிட்டு அனுப்பினால் அந்தச் சொல் போஸ்ட். கெட் என்பது எடுத்துக் காட்டுவதற்கு மட்டுமே, அதனால் எதுவும் மாறக்கூடாது என்ற விதி, 1996ஆம் ஆண்டு மே மாதம் வெளிவந்த எச்டிடிபி 1.0 ஆவணத்திலேயே இருக்கிறது. 2022ஆம் ஆண்டு ஜூன் மாதம் வெளியான எச்டிடிபி ஆவணமாகிய ஆர்எஃப்சி 9110 வரை அந்த விதி கைவிடப்படவில்லை. கெட் வகைக் கோரிக்கைகளைப் பாதுகாப்பானவை என்று அந்த ஆவணங்கள் அழைக்கும்போது, யார் எத்தனை முறை கேட்டாலும் பதிவேட்டில் ஓர் எழுத்தும் மாறாது என்று பொருள்கொள்ள வேண்டும்.

எனவே உங்கள் கோப்பின் தலைப்பில், எந்த எச்டிஎம்எல் வரிக்கும் முன்பாக, சர்வர் என்ற பெயருடைய பிஎச்பியின் பொது அணியில் (சாவிப் பெயர்களோடு மதிப்புகளை வைத்திருக்கும் பட்டியலே அணி) ரிக்வெஸ்ட் மெத்தட் என்ற சாவிக்கு உள்ள மதிப்பை எடுத்து, அது போஸ்ட் என்ற சொல்லுக்குச் சமமா என்று ஒரு நிபந்தனை எழுதுங்கள். சமமானால் மட்டும் தரவைப் படித்தல், சரிபார்த்தல், தரவுத்தளத்தில் சேர்த்தல் ஆகிய மூன்றும் நடக்கட்டும். சமமில்லையென்றால் அந்தப் பகுதியைத் தாண்டிப்போய், கீழே உள்ள படிவத்தை மட்டும் அச்சிடட்டும். நீங்கள் கேட்டதற்கு நேரான விடை இதுதான். இதைச் செய்யும்போது ஃபார்ம் குறியில் மெத்தட் பண்பை எழுத மறந்துவிடாதீர்கள். அது இல்லாத படிவத்தை உலாவி கெட்டாகவே அனுப்பும். அப்போது உங்கள் நிபந்தனை ஒருபோதும் நிறைவேறாது. போதாக்குறைக்குப் பிள்ளையின் பெயரும் அடையாள அட்டை எண்ணும் முகவரிப் பட்டையில் வெளிப்படையாகத் தெரியும். முகவரியில் வந்தது உலாவியின் வரலாற்றிலும் சர்வரின் அணுகல் பதிவேட்டிலும் தங்கிவிடும். நம்மை நம்பிப் பெற்றோர் கொடுத்த எண்கள் அப்படிச் சிதறிக் கிடப்பது தவறு.

படிவத்தின் ஆக்‌ஷன் பண்பில் வேறொரு கோப்பைக் காட்டி, செயலாக்கத்தை அங்கே வைத்துவிட்டால் இந்தச் சோதனை வேண்டியதில்லையே என்று சிலர் சொல்வார்கள். கோப்புகளைப் பிரிப்பது நல்ல பழக்கம்தான். ஆயினும் அந்தக் கோப்பின் முகவரியையும் யாராவது நேராகத் திறக்கலாம். ஆகவே சோதனை அங்கேயும் இருக்கவேண்டும்.

இணையத்தில் கிடைக்கும் பழைய எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் வேறொரு சோதனையைக் கற்றுத்தருகின்றன. பொத்தானுக்கு சப்மிட் என்று பெயரிட்டு, படிவத்தில் வந்தவற்றை வைத்திருக்கும் போஸ்ட் அணியில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று இஸ்செட் ஃபங்ஷன் கொண்டு பார்ப்பது அந்த முறை. அது பல நேரங்களில் வேலை செய்யும் என்பதாலேயே இத்தனை ஆண்டுகளாக நிலைத்திருக்கிறது. எனினும் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. பொத்தானின் பெயர் படிவத்தோடு சேர்ந்து வரும் என்பது எப்போதும் உண்மையன்று. ஜாவாஸ்கிரிப்ட்டின் சப்மிட் செயலைக் கொண்டு படிவத்தை அனுப்பினால் பொத்தானின் பெயர் வராது. இரட்டை அழுத்தலைத் தடுப்பதற்காக, அனுப்பும் தருணத்தில் பொத்தானை முடக்கினாலும் வராது, முடக்கப்பட்ட உறுப்புகளை உலாவி அனுப்புவதில்லை என்பதால். பழைய இன்டர்நெட் எக்ஸ்புளோரரில், ஒரே ஒரு எழுத்துப் பெட்டி கொண்ட படிவத்தை என்டர் விசையால் அனுப்பியபோதும் பொத்தானின் பெயர் விடுபட்டது. இவற்றோடு, பொத்தானுக்கு சப்மிட் என்றே பெயர் வைத்துவிட்டால் படிவத்தின் சப்மிட் செயலை அந்தப் பெயர் மறைத்துவிடும். பின்னாளில் ஜாவாஸ்கிரிப்ட்டிலிருந்து அதை அழைக்கும்போது, செயல் இல்லை என்ற பிழை வந்து ஒரு நாள் முழுவதும் தேட வைக்கும். ஒரே படிவத்தில் "சேமி", "நீக்கு" என இரண்டு பொத்தான்கள் இருந்து, எது அழுத்தப்பட்டது என்று அறியவேண்டிய இடத்தில் மட்டும் பொத்தானின் பெயரைப் பாருங்கள். அதையும் போஸ்ட்டா என்ற சோதனைக்குப் பிறகு பாருங்கள்.

போஸ்ட் அணி வெறுமையாக இருக்கிறதா என்று பார்க்கும் மூன்றாவது முறையும் உண்டு. அது இன்னும் நுட்பமாக ஏமாற்றும். தேர்வுப் பெட்டிகள் மட்டுமே உள்ள படிவத்தில் எதையும் தேர்ந்தெடுக்காமல் அனுப்பினால், அனுப்புவதற்கு ஒன்றுமில்லாமல் அணி வெறுமையாகத்தான் வரும். அதைவிடத் தொல்லையானது கோப்புப் பதிவேற்றம். உங்கள் படிவத்தில் பிறப்புச் சான்றிதழின் படத்தையும் கேட்கிறீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். பிஎச்பியில் போஸ்ட் மேக்ஸ் சைஸ் என்ற அமைப்பின் இயல்பு அளவு 8 மெகாபைட். ஒரு கோப்புக்கான இயல்பு வரம்பு 2 மெகாபைட். இன்றைய கைப்பேசிகளில் எடுத்த இரண்டு மூன்று படங்கள் சேர்ந்தாலே 8 மெகாபைட்டைத் தாண்டிவிடும். மொத்த அளவு அந்த வரம்பை மீறினால் பிஎச்பி போஸ்ட் அணியையும் பதிவேற்றிய கோப்புகளுக்கான ஃபைல்ஸ் அணியையும் முழுக்க வெறுமையாக விட்டுவிடுகிறது. கோரிக்கையின் வகை மட்டும் போஸ்ட் என்றே நிற்கும். அணி வெறுமையா என்று மட்டும் பார்க்கும் நிரல், யாரோ புதிதாக வந்திருக்கிறார்கள் என்று எண்ணி வெற்றுப் படிவத்தைத் திரும்பக் காட்டும். பால்மரக் காட்டிலிருந்து திரும்பிய களைப்போடு ஒரு தாய் எல்லாவற்றையும் நிரப்பி அனுப்ப, ஒரு விளக்கமும் இல்லாமல் எல்லாப் பெட்டிகளும் காலியாக அவர் முன் மறுபடி வந்து நிற்கும். வகை போஸ்ட், அணியோ வெறுமை என்ற நிலையைத் தனியாகப் பிடித்து, "படத்தின் அளவு பெரிதாக இருக்கிறது, சிறிதாக்கி அனுப்புங்கள்" என்று தமிழிலும் மலாயிலும் ஒரு வரி காட்டுங்கள். வரம்பையும் தேவைக்கு ஏற்ப உயர்த்துங்கள்.

இரவு மூன்று மணிக்கெல்லாம் வெற்று வரிசைகள் விழுந்திருப்பதாகவும், யாரோ உள்ளே நுழைய முயல்கிறார்களோ என்று அஞ்சுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இதில் உறுதியானதையும் ஊகத்தையும் பிரித்துச் சொல்கிறேன். கெட் கோரிக்கை வந்தாலே உங்கள் நிரல் எழுதுகிறது என்பது உறுதி. அந்த நேரத்தில் கேட்டவர் யார் என்பது உங்கள் சர்வரின் அணுகல் பதிவேட்டைப் பார்த்தால்தான் தெரியும். அதைப் பார்க்காமல் நான் சொல்வது ஊகமே. என்னுடைய ஊகம், அது மனிதரே அல்ல என்பது. தேடுபொறிகளின் ஊர்ந்து செல்லும் நிரல்கள் நேரம் பார்ப்பதில்லை. வாட்ஸ்அப்பில் ஓர் இணைப்பை ஒட்டினால், முன்னோட்டப் படம் காட்டுவதற்காக அனுப்புபவரின் கைப்பேசியே அந்தப் பக்கத்தை ஒருமுறை எடுத்துவிடும். பெற்றோர் குழுவில் உங்கள் இணைப்பை எத்தனை பேர் ஒட்டி அனுப்பினார்களோ, அத்தனை வெற்று வரிசைகளுக்கு அதுவே காரணமாக இருக்கலாம். பதிவேட்டில் ஒவ்வொரு வரியிலும் நேரமும் கெட் அல்லது போஸ்ட் என்ற சொல்லும் இருக்கும். பெரும்பாலான அமைப்புகளில் கேட்ட நிரலின் பெயரும் இருக்கும். வெற்று வரிசையின் நேரத்தையும் அந்த வரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இது உங்களுக்கு மட்டும் நேர்ந்ததன்று. 2005ஆம் ஆண்டில் கூகுள் நிறுவனம் வெப் ஆக்சிலரேட்டர் என்ற துணைக்கருவியை வெளியிட்டது. பயனர் அடுத்து எதைத் தொடுவார் என்று முன்கூட்டியே ஊகித்து, பக்கத்தில் இருக்கும் இணைப்புகளைக் கெட் மூலம் எடுத்து வைப்பது அதன் வேலை. பல இணையச் செயலிகளில் "நீக்கு" என்பது வெறும் இணைப்பாக இருந்தது. கருவி அவற்றையும் வரிசையாக எடுத்துப் பார்க்க, பயனர்களின் தரவு அவர்கள் தொடாமலேயே அழிந்தது. கருவி விதிப்படிதான் நடந்தது. கெட் எதையும் மாற்றாது என்ற விதியை மீறியிருந்தவை அந்தச் செயலிகள். ஆகவே உங்கள் நிர்வாகப் பக்கத்தில் ஒரு பிள்ளையின் பெயரை நீக்கும் வசதி இருந்தால், அதையும் சிறு படிவமாக்கிப் போஸ்ட் வழியாகவே செய்யுங்கள்.

இனி இரண்டாவது கேள்வி. போஸ்ட்டை ஏற்றுப் பதிந்துவிட்டு, அதே ஓட்டத்தில் "நன்றி, பதிவாகிவிட்டது" என்று அச்சிடுகிறீர்கள். அப்போது உலாவியின் கையில் கடைசியாக இருப்பது அந்தப் போஸ்ட் கோரிக்கை. பயனர் புதுப்பித்தால், மறுபடியும் அனுப்பவா என்று உலாவி கேட்கும்; அந்த ஆங்கில எச்சரிக்கையைப் படிக்காமல் சரி என்பார்கள், படிவம் இரண்டாம் முறை வரும். இதற்கு நெடுநாளாகக் கையாளப்படும் முறை, பதிந்து முடித்தவுடன் நன்றிப் பக்கத்தை அங்கேயே காட்டாமல், லொக்கேஷன் தலைப்பை 303 என்ற நிலைக் குறியீட்டோடு அனுப்பி உலாவியை வேறு முகவரிக்குத் திருப்பிவிடுவது. 303 என்றால் "நீ கொடுத்தது கிடைத்தது, விடையை அந்த முகவரியில் கெட் மூலம் பார்த்துக்கொள்" என்று பொருள். அதன் பிறகு பயனர் எத்தனை முறை புதுப்பித்தாலும் நன்றிப் பக்கம்தான் புதுப்பிக்கப்படும். பிஎச்பி குறியீடு எதுவும் சொல்லாவிட்டால் 302 அனுப்பும். உலாவிகள் நடைமுறையில் அதையும் கெட்டாகவே மாற்றிக்கொள்கின்றன. ஆனாலும் பொருள் ஐயமின்றி இருக்க 303 என்று வெளிப்படையாக எழுதுவதே என் வழக்கம். தலைப்பை அனுப்பிய அடுத்த வரியிலேயே எக்ஸிட் கட்டளை இருக்கவேண்டும். தலைப்பு அனுப்பப்பட்டதால் மட்டும் நிரல் நின்றுவிடாது, கீழே உள்ள வரிகள் தொடர்ந்து ஓடும். தலைப்புகள் ஏற்கெனவே போய்விட்டன என்ற எச்சரிக்கை வந்தால், பிஎச்பி தொடக்கக் குறிக்கு முன்னால் ஒரு வெற்றிடமோ வெற்று வரியோ இருக்கிறதா என்று தேடுங்கள்.

திருப்பிவிடுவதோடு வேலை முடிந்தது என்று நானும் ஒரு காலத்தில் நம்பினேன். பல ஆண்டுகளுக்கு முன், பேராக்கில் ஒரு தோட்டத்தின் கடன் சங்கத்துக்கு முன்பணப் பிடித்தத்தைப் பதியும் பக்கம் ஒன்றை எழுதிக் கொடுத்தேன். இணைப்பு மிக மெதுவாக இருந்த ஒரு நாளில் அங்கிருந்தவர் பொத்தானை அழுத்தியிருக்கிறார், திரை அசையவில்லை, மறுபடி அழுத்தியிருக்கிறார். முதல் கோரிக்கை பதிந்து முடிந்து திருப்பிவிடும் செய்தி வருவதற்குள் இரண்டாவது கோரிக்கையும் புறப்பட்டுவிட்டது. மாதக் கடைசியில் பால் வெட்டும் அம்மா ஒருவரின் சம்பளச் சீட்டில் 150 வெள்ளி (ரிங்கிட்) இரண்டு முறை கழிந்திருந்தது. அவர் அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு சன்னலில் நின்றதை நான் மறக்கவில்லை. அந்தப் பிழை என் நிரலில் இருந்தது. புதுப்பித்தலைத் தடுக்கும் முறை, இரட்டை அழுத்தலைத் தடுக்காது.

அதற்கு இரண்டு காவல்கள் வேண்டும். ஒன்று, படிவத்தைக் காட்டும்போதே ரேண்டம் பைட்ஸ் ஃபங்ஷனால் கணிக்கமுடியாத ஓர் அடையாளச் சரத்தை உண்டாக்கி, அதை மறைபுலமாகப் படிவத்திலும், ஒரு பயனருக்கென்று கோரிக்கைகளுக்கு இடையே சர்வர் காத்துவைக்கும் செஷனிலும் வைப்பது. படிவம் வந்ததும் இரண்டையும் ஹேஷ் ஈக்குவல்ஸ் ஃபங்ஷன் கொண்டு ஒப்பிட்டு, பொருந்தினால் உடனே செஷனிலிருந்து அதை நீக்கிவிட்டு மேலே செல்லவேண்டும். இரண்டாவதாக வரும் அதே படிவத்துக்குப் பொருத்தம் கிடைக்காது. பிஎச்பியின் இயல்பான கோப்புவழி செஷனில், ஒரே செஷனின் கோரிக்கைகள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நுழையும் என்பதால் இது நம்பகமாக வேலை செய்கிறது. ஒரு தாய் இரண்டு பிள்ளைகளுக்கும் இரண்டு தாவல்களில் படிவம் திறந்து வைத்திருக்கக்கூடும். ஆகவே ஒரே சரத்தை மேலெழுதாமல், சிலவற்றைப் பட்டியலாக வைத்திருப்பது நல்லது. இதே சரம், வேறொரு தளத்தில் இருக்கும் பொய்ப் படிவம் உங்கள் பயனரின் பெயரில் அனுப்புவதையும் தடுக்கும். பொதுப் பதிவுப் பக்கத்தில் அந்த ஆபத்து பெரிதன்று; கடவுச்சொல்லிட்டு நுழையும் உங்கள் நிர்வாகப் பக்கத்தில் அது கட்டாயம் வேண்டும்.

மற்றொரு காவல் தரவுத்தளத்திலேயே இருக்கவேண்டியது. முதலில் தேடிப்பார்த்து, இல்லையென்றால் சேர்ப்பது என்று நிரலில் எழுதினால் போதாது. ஒரே நொடியில் வரும் இரண்டு கோரிக்கைகளும் "இல்லை" என்ற விடையைப் பெற்று இரண்டும் சேர்த்துவிடும். அடையாள அட்டை எண்ணின் மீது, ஒரே மதிப்பு இரண்டு முறை வரக்கூடாது என்னும் யூனிக் கட்டுப்பாட்டை வைத்தால் இரண்டாவதைத் தரவுத்தளமே மறுக்கும். ஆனால் அந்த எண்ணை நம் ஊர் நடைமுறை தெரிந்து கையாளவேண்டும். 12 இலக்கங்களைச் சிலர் இடைக்கோட்டோடும் சிலர் இடைக்கோடு இல்லாமலும் எழுதுவார்கள். கோடுகளை நீக்கிவிட்டுச் சேமிக்காவிட்டால் ஒரே பிள்ளை இரண்டு பிள்ளையாகத் தெரியும். முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த நாள் என்பதால், 2008இல் பிறந்த பிள்ளையின் எண் 08 என்று தொடங்கும். அதை எண் வகைப் புலத்தில் வைத்தால் முன்னாலிருக்கும் சுழியம் மறைந்து 11 இலக்கமாகிவிடும். எழுத்து வகைப் புலத்தில் வையுங்கள்; கைப்பேசி எண்ணுக்கும் அதுவே.

இன்னொன்றையும் சொல்லியாகவேண்டும். பிறப்புப் பதிவோ அடையாள அட்டையோ இல்லாத பிள்ளைகள் நம் தோட்டப்புறங்களில் இன்னும் இருக்கிறார்கள். அந்த எண்ணைக் கட்டாயமாக்கினால், இலவச வகுப்பு யாருக்கு மிகவும் தேவையோ அவர்களையே வெளியே நிறுத்திவிடுவோம். விருப்பப் புலமாக்குங்கள். அப்போது ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. நிரப்பாமல் விட்ட பெட்டி, வெற்றுச் சரமாகவே சர்வருக்கு வரும். அதை அப்படியே சேமித்தால், எண் இல்லாத முதல் பிள்ளை ஏறும்; எண் இல்லாத இரண்டாவது பிள்ளையை, ஏற்கெனவே இருப்பதாகச் சொல்லித் தரவுத்தளம் மறுத்துவிடும். வெற்றுச் சரத்தை நல் (NULL) மதிப்பாக, அதாவது மதிப்பே இல்லை என்ற குறியாக, மாற்றிச் சேமித்தால் இந்தத் தடை வராது. மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் யூனிக் கட்டுப்பாடு உள்ள புலத்தில் நல் மதிப்பு எத்தனை முறை வேண்டுமானாலும் இருக்கலாம். அந்தப் பிள்ளைகளின் பதிவு இரட்டிக்காமல் இருக்க, படிவத்தின் அடையாளச் சரத்தையும் ஒரு புலத்தில் சேமித்து அதன்மீதும் யூனிக் கட்டுப்பாடு வையுங்கள்.

போஸ்ட்டாக வந்தது என்பதாலேயே அது உங்கள் படிவத்திலிருந்துதான் வந்தது என்று கொள்ளமுடியாது. எச்டிஎம்எல்லில் நீங்கள் வைத்த ரெக்கொயர்ட் பண்பும் ஜாவாஸ்கிரிப்ட் சோதனைகளும் பயனருக்கு உதவுபவை; உலாவியே இல்லாமல் யாரும் போஸ்ட் அனுப்பலாம். பெயர் வெறுமையா, எண் 12 இலக்கமா என்பதைச் சர்வரிலும் பாருங்கள். பிழை இருந்தால் நிரப்பியவற்றை அழிக்காமல் படிவத்தைத் திரும்பக் காட்டுங்கள். அப்படித் திரும்ப அச்சிடும்போது, எச்டிஎம்எல் குறிகளை வெறும் எழுத்தாக்கும் எச்டிஎம்எல் ஸ்பெஷல் சார்ஸ் ஃபங்ஷன் வழியாக அச்சிடுங்கள். தரவுத்தளத்துக்கு, பிஎச்பியின் தரவுத்தள இணைப்பு வசதியான பிடிஓ வழியாக, கட்டளையையும் தரவையும் பிரித்தே வைக்கும் தயார்நிலைக் கூற்றுகளைப் பயன்படுத்துங்கள். மைஎஸ்கியூஎல் கொயரி என்ற பழைய ஃபங்ஷன் 2015இல் வந்த பிஎச்பி 7இலேயே நீக்கப்பட்டுவிட்டது, அது உள்ள எடுத்துக்காட்டுகளை ஒதுக்கிவிடுங்கள். பின்னாளில் ஜாவாஸ்கிரிப்ட்டின் ஃபெட்ச் ஃபங்ஷன் கொண்டு, தரவை ஜேசன் என்னும் உரை வடிவில் அனுப்ப நினைத்தால், போஸ்ட் அணி அதனால் நிரம்பாது; மூல உள்ளீட்டைத் தனியாகப் படிக்கவேண்டும். பைத்தான் மொழியின் இணையச் சட்டகங்களான ஜாங்கோவுக்கோ ஃபிளாஸ்க்கிற்கோ சென்றாலும் இதே சோதனை வேறு உருவில் இருக்கும்.

எழுதி முடித்தபின் முகவரியைத் திறந்து பாருங்கள், ஐந்து முறை புதுப்பியுங்கள்: வரிசை எதுவும் கூடக்கூடாது. ஒரு பதிவு செய்து நன்றிப் பக்கத்தைப் புதுப்பியுங்கள். உலாவியின் உருவாக்குநர் கருவியில் இணைப்பு வேகத்தைக் குறைத்துவிட்டுப் பொத்தானை இருமுறை அழுத்துங்கள். பெரிய படம் ஒன்றையும் அனுப்பிப் பாருங்கள்.

இப்போது தரவுத்தளத்தில் குவிந்திருப்பவற்றைத் துப்புரவு செய்யும் முன், அட்டவணையை முழுவதும் ஒரு படி எடுத்து வையுங்கள். பெயர், எண், தொலைபேசி மூன்றும் வெறுமையாக உள்ள வரிசைகளைத் தயங்காமல் நீக்கலாம். அடையாள அட்டை எண் ஒன்றாக இருப்பவற்றில் முதலில் வந்ததை வைத்துக்கொண்டு மற்றதை நீக்கலாம். பெயர் மட்டும் ஒத்திருந்தால் நீக்காதீர்கள். ஒரே தோட்டத்தில் ஒரே பெயரில் இரண்டு பிள்ளைகள் இருப்பது நம் ஊர்களில் புதிதன்று, பெற்றோரை அழைத்துக் கேட்டுவிடுங்கள். இவ்வளவும் முடிந்த பிறகே யூனிக் கட்டுப்பாட்டைச் சேர்க்க முடியும். இரட்டை எண் ஒன்று மிஞ்சியிருந்தாலும் மைஎஸ்கியூஎல் அந்தக் கட்டளையை ஏற்காமல், எந்த எண் இரட்டித்திருக்கிறது என்பதைப் பிழைச்செய்தியிலேயே காட்டிவிடும்.